ரெண்டாம் பக்கம்

நூலகர் இறந்து பதினெட்டு நாளாகியிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் மூன்று மணிக்கு அவர் பல்கலைக்கழக ஆசிரியர்களைக் கூட்டி உட்கார வைக்கும் நூலகப் பின்னறையை அலுவலகத்தார் கேட்டிருந்தார்கள். இன்று யாரும் வராவிட்டால் உடைந்த நாற்காலிகளை அங்கே அடுக்கிவிடுவார்களாம். வரலாற்று ஆசிரியர் இரண்டரைக்கே வந்து ஜன்னலைத் திறந்து வைத்தார்.

ஒன்பது வருடத்துக்கு முன் இதே அறைக்கு அவர் வேண்டா வெறுப்பாகத்தான் வந்தார். மாணவர்களுக்குத் தேடிப் படிக்கத் தெரியவில்லை என்று ஆசிரியர்கள் எல்லாரும் புலம்பிய காலம். நூலகர் மட்டும் புலம்பவில்லை.

"நீங்க குடுக்கற கேள்விய நீங்களே ஒரு மணி நேரம் தேடிப் பாருங்க. அப்புறம் பிள்ளைங்களத் திட்டலாம்."

கணினியில் தேடி, முதல் பக்கத்தில் ஒன்றும் கிடைக்காமல் கையை விரித்தவர்களிடம், "ரெண்டாம் பக்கத்தப் பாத்தீங்களா?" என்பார். அதுவே அவருக்குப் பட்டப்பெயராகிவிட்டது.

வரலாற்று ஆசிரியரின் கேள்வி, நகரின் பழைய குடிநீர்க் குழாய்களைப் பற்றியது. ஐந்து ஆதாரம் காட்ட வேண்டும். அப்போதே பதினோரு வருடமாக அதே கேள்வி. வகுப்பு முழுக்க அதே இரண்டு ஆதாரங்களைக் காட்டினால், பார்த்து எழுதியது என்று மதிப்பெண்ணில் கை வைத்துவிடுவார். அன்று அவருக்கும் அந்த இரண்டுதான் அகப்பட்டன. மூன்றாவது ஒரு புத்தகம். நான்கு வருடமாக இரவலில் இருந்தது. யார் பெயரில் என்று பார்த்தார். அவர் பெயரேதான்.

நூலகர் அந்தத் திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். கடைசியில் வரலாற்று ஆசிரியரே வாய் திறந்தார்.

"புத்தகம் என் வீட்டுல இருக்கு. பசங்க மேல தப்பில்ல."

"மார்க்க அவங்களுக்குக் குறைச்சிட்டு, புத்தகத்த நீங்க வச்சிக்கிட்டீங்களா சார்?" என்று வேதியியல் ஆசிரியை சிரித்தார்.

"சிரிக்காதம்மா. அடுத்த வாரம் உன் கேள்வி," என்றார் நூலகர்.

அன்று எல்லாருமாக அந்தக் கேள்வியைப் பிரித்து மேய்ந்தார்கள். இனி மாணவர்களுக்கு முதல் வாரம் ஒரே ஒரு ஆதாரம், அதை ஏன் நம்பலாம் என்று நாலு வரி. அடுத்த வாரம் அதோடு ஒத்துப்போகாத இன்னொன்று. புத்தகத்தை நூலகர் விடவில்லை. மறுநாளே ஆசிரியரின் வீட்டு வாசலில் நின்று வாங்கிக்கொண்டுதான் போனார்.

இன்று மூன்று மணிக்கு வேதியியல் ஆசிரியை வந்தார். கூடவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவர்.

"நூலகர் அக்கா இல்லாம யாரு சார் ஆரம்பிக்கறது?"

வரலாற்று ஆசிரியர் தன் பையிலிருந்து மடிப்பு நைந்துபோன அந்தப் பழைய கேள்வித்தாளை எடுத்துப் புதியவர்கள் முன் வைத்தார்.

"நான் குடுத்த கேள்வி. தேடிப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் ஒருவர் நிமிர்ந்தார். "மூணு கிடைச்சிருக்கு சார். ஒரு புத்தகம் இங்க அலமாரியிலயே இருக்கு."

ஆசிரியர் போய் எடுத்துவந்தார். அட்டைக்குள் ஒட்டிய தாளில் அவர் பெயருக்கு நேரே, திரும்பி வந்த தேதி. அதற்குக் கீழே மாணவர்களின் பெயர்கள், தாள் நிறைய. எல்லாம் நூலகரின் கையெழுத்து.

தாளை விரலால் ஒருமுறை நீவிவிட்டுப் புத்தகத்தைப் புதியவரிடம் நீட்டினார்.

"ஆபீஸ்ல சொல்லிடும்மா, ரூம் காலியில்லன்னு," என்றார் வேதியியல் ஆசிரியையிடம்.