ஜெயராஜ் அண்ணனின் அறிமுகம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எல்லாவற்றுக்கும் பயம். கேஸை மூடினேனா இல்லையா என்று பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டுத் திரும்பி வீட்டுக்கு ஓடுகிற ஆள் நான். போன் அடித்தால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று கை சில்லிட்டுப் போகும். ஆனால் பேய், ஆவி என்றால் மட்டும் எனக்குப் பயமே இருந்ததில்லை, ஏனென்றால் அதில் எனக்கு நம்பிக்கையே கிடையாது. உயிரோடு இருப்பவர்கள் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார்களோ என்று கவலைப்படுவதற்கே நேரம் போதவில்லை, இதில் செத்தவர்களை வேறு யார் நினைப்பது என்று சிரித்துக்கொண்டு திரிந்தவள்தான். இதைப் படித்துவிட்டு நீங்களும் சிரிக்கலாம். நம்பவில்லை என்றாலும் எனக்கு வருத்தமில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், அவ்வளவுதான்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட்ஸில் ஆறு வருஷம் சட்டைக் காலர் தைத்தேன், முதுகு போய்விட்டது. அப்போது மெயின் ரோட்டில் நஞ்சப்பா என்பவர் ஏழு கம்ப்யூட்டர் போட்டு ஒரு ப்ரௌசிங் சென்டர் திறந்தார், கவுன்ட்டரில் உட்கார ஆள் வேண்டும் என்றார், போய் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். பகல் நேரத்தில் கூட்டமே இருக்காது. கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் தட்டித் தட்டித்தான் நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிக்கக் கற்றுக்கொண்டேன், அப்படித் தட்டும்போதுதான் அந்தக் குழு கண்ணில் பட்டது. பழைய சினிமாப் பாட்டுக்காகவே இணையத்தில் ஒரு குழு. சிங்கப்பூர், சிகாகோ, சென்னை, எங்கெங்கோ இருந்து நாற்பது பேர் தினமும் எழுதுவார்கள். ஒரு பாட்டில் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருகிற வயலினைப் பற்றியே மூன்று நாள் பேசுவார்கள். எனக்கு சொர்க்கம் மாதிரி இருந்தது.

அங்கே ஒரு வழக்கம். புதிதாக வருகிறவர் முதலில் தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும். பெயர், ஊர், என்ன வேலை, எந்தப் பாட்டு உங்களை இங்கே கூட்டி வந்தது. அதைப் படித்துவிட்டுப் பழைய ஆட்கள் ஒவ்வொருவரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டு பதில் எழுதுவார்கள். நாற்பது பேர் இருந்தால் நாற்பது பதில். புது ஆளுக்கு அன்றைக்குக் கல்யாண வீட்டில் நுழைந்த மாதிரி இருக்கும்.

என் முறை வந்தபோது அதற்கு முன்னால் வந்த கடிதங்களையெல்லாம் படித்துப் பார்த்தேன். டாக்டர், இன்ஜினியர், பேங்க் மேனேஜர், ஒருவர் வைட்ஃபீல்டில் ஏதோ பெரிய கம்பெனி. 'பாட்டு டீச்சர், பெங்களூர்' என்று அடித்து அனுப்பிவிட்டேன். வேண்டுமென்று செய்ததில்லை. பயத்தில் செய்தது. நாற்பது பதிலும் வந்தது, அன்றிலிருந்து நான் கலா டீச்சர்.

ஒரு வருஷத்தில் என்னையே மாடரேட்டர் ஆக்கினார்கள். மற்றவர்களுக்கு ஆபீஸ் உண்டு, நான் ஒருத்திதான் காலை ஒன்பதிலிருந்து இரவு வரை இணைப்பில் இருந்தேன், டீச்சருக்கு எப்படி இவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. புது ஆட்களின் கடிதம் முதலில் எனக்குத்தான் வரும். நான் படித்து அனுமதித்தால்தான் குழுவுக்குப் போகும். இரண்டு வாரம் யாரும் தொடாமல் விட்டால் அதுவாக அழிந்துவிடும்.

எங்கள் சென்டருக்கு ஜெயராஜ் அண்ணன் என்று ஒருவர் வருவார். டெம்போ ஓட்டியவர், ஐம்பது வயது இருக்கும். தொண்டையில் ஆபரேஷன், குரல்வளையையே எடுத்துவிட்டார்கள், கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சட்டைப்பையில் இருக்கும் சின்ன நோட்டில் எழுதிக் காட்டுவார். பழைய பாட்டுத் தேடித்தான் வருவார். ஒரு நாள் ஆர்வக்கோளாறில் நான்தான் அவருக்கு அந்தக் குழுவைக் காட்டினேன். காட்டும்போது என் புத்தி எங்கே போயிருந்தது என்று இன்றும் தெரியவில்லை. எழுதுகிறவர்களுக்குத் தொண்டை எதற்கு, இவர் இங்கே எல்லாரோடும் பேசலாமே என்று தோன்றியது, அவ்வளவுதான்.

அவர் நாலாம் நம்பர் சிஸ்டத்தில் உட்கார்ந்து ஒற்றை விரலால் ஒரு மணி நேரம் அடித்தார். அனுப்பிவிட்டு என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். பத்தடி தள்ளி என் கவுன்ட்டரில் அந்தக் கடிதம் வந்து விழுந்தது.

"வணக்கம். என் பேரு ஜெயராஜ். டெம்போ ஓட்டினேன். ஞாயித்துக்கிழமைல ஆர்க்கெஸ்ட்ராவுல பாடுவேன். லேடி சிங்கர் வராத அன்னிக்கு ரெண்டு குரலையும் நானே பாடிடுவேன். இப்ப தொண்டைய எடுத்துட்டாங்க. பாட்டு மட்டும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கு. எனக்கு இத காட்டிக் குடுத்தது எங்க ஏரியா ப்ரௌசிங் சென்டர் கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு. பேரு கலா. என்ன மாதிரியே எட்டாவதோட நின்ன பொண்ணு."

கடைசி வரியைப் படித்ததும் காது அடைத்துவிட்டது. பெங்களூரில் எத்தனை கலா வேண்டுமானாலும் இருக்கலாம், ஆனால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது, தோன்றிவிட்டால் எனக்கு அவ்வளவுதான். அந்த ஒரு வரியை எடுத்துவிடுங்கள் அண்ணா என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று எழுதிக் கேட்பாரே, என்ன சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன்.

மறுநாள் வந்து நோட்டை நீட்டினார். 'வந்துச்சா?'

"சர்வர் ப்ராப்ளம்ணா. ரெண்டு நாள் ஆகும்."

தலையாட்டிவிட்டுப் போனார். அதற்கு மறுநாளும் வந்தார். அதே பக்கத்தையே நீட்டினார், புதிதாக எழுதக்கூட இல்லை.

"இன்னும் வரலைண்ணா, அமெரிக்காலேர்ந்து சரி பண்ணணுமாம்."

இப்படியே பன்னிரண்டு நாள். அவர் போனதும் அந்தக் கடிதத்தைத் திறந்து படிப்பேன், மூடுவேன். எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. பதிமூன்றாம் நாள் அவர் வரவில்லை. பதினைந்தாம் நாள் கடிதம் அழிந்துவிட்டது. நம்பினால் நம்புங்கள், அன்று எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவர் மனைவி வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை, எனக்குப் புரிந்துவிட்டது.

"ஒம்போது நாளாச்சும்மா. அவரு எங்க ஒக்காருவாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

நாலாம் நம்பரைக் காட்டினேன். அந்த நாற்காலியின் முதுகைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"என்னமோ எழுதிப் போட்டேன், வெளிநாட்டுல இருக்கறவங்கல்லாம் பதில் போடுவாங்கன்னு எழுதிக் காட்டினாரே. வந்துடுச்சாம்மா அது?"

"வந்துடுச்சு அண்ணி. நெறைய பேர் பதில் போட்டாங்க."

"பாத்தாராம்மா?"

"பாத்தாரு அண்ணி."

அவர் என் கையைப் பிடித்து, "நல்லா இரும்மா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார். இதற்கு மேல் ஒரு பாவி இருக்க முடியுமா, சொல்லுங்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவின் குரல் சந்திப்பு. மாதத்தில் ஒரு நாள், நம் நேரம் சாயங்காலம் ஆறு மணி, எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு வாய்ஸ் ரூமில் கூடுவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. மைக் யாருக்கு என்று நான்தான் கொடுக்க வேண்டும், யார் பேசுகிறாரோ அவர் பெயர் பக்கத்தில் சின்னதாக ஒரு மைக் படம் எரியும். அன்று என்னோடு சேர்த்து ஒன்பது பேர். வழக்கம்போல ஒவ்வொருவராகப் பெயர், ஊர் சொல்லி முடித்தோம். சிகாகோ வெங்கட் கடைசி. அவர் முடித்ததும் மைக்கை நான் வாங்கினேன். வாங்கிவிட்டு இன்னும் வாயைத் திறக்கவில்லை.

ஒரு குரல் வந்தது. "வணக்கம். என் பேரு ஜெயராஜ்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை, கேட்டிருக்கவும் முடியாது. வெண்கலம் மாதிரி கனமான ஆண் குரல். என் திரையில் மைக் படம் என் பெயர் பக்கத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது, பத்தாவது பெயர் என்று ஒன்று இல்லவே இல்லை. "டெம்போ ஓட்டினேன். ஞாயித்துக்கிழமைல ஆர்க்கெஸ்ட்ராவுல பாடுவேன்" என்றது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. அந்தக் கடிதத்தை இந்த உலகத்தில் என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை, அது அழிந்தும் போயிற்று. "ரெண்டு குரலையும் நானே பாடிடுவேன்" என்று சொல்லி நிறுத்தி, ஒரு வரி பாடினார். முதலில் ஆண் குரலில், அடுத்து அதே வரியைப் பெண் குரலில். "இப்ப தொண்டைய எடுத்துட்டாங்க" என்றார்.

யாரோ சிரித்தார்கள், வெங்கட்தான். "சார், தொண்ட இல்லாமலே இப்படின்னா, இருந்தா நாங்கல்லாம் என்ன ஆவறது!"

மைக் என்னிடம் இருக்கும்போது வெங்கட் எப்படிப் பேசினார் என்று கேட்காதீர்கள், அதுவும் எனக்குத் தெரியாது.

அடுத்து அந்த வரி வரப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஹெட்போனைக் கழற்றி எறிய வேண்டும் போல இருந்தது, கை வரவில்லை. "பாட்டு மட்டும் உள்ள ஓடிக்கிட்டே இருக்கு" என்றார். பிறகு சொன்னார். நான் என் காதால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எனக்கு இத காட்டிக் குடுத்தது ஒரு டீச்சரம்மா. பேரு கலா."

அவ்வளவுதான். எட்டாவது இல்லை, கவுன்ட்டர் இல்லை. எனக்காக மாற்றிச் சொன்னார்.

"அட, நம்ம கலாவா! கலா, நீ சொல்லவே இல்லையேடி!" என்று சிங்கப்பூர் மீனா அக்கா கத்தினார். எல்லாரும் ஒரே நேரத்தில் வணக்கம் சார், வாங்க சார் என்று ஏதேதோ சொன்னார்கள், அத்தனை குரலும் சேர்ந்து ஒரு இரைச்சலாகி, பிறகு எல்லாம் நின்றது. நான் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தேன்.

நஞ்சப்பா வந்து, "ஏன் கலா, ஏனாயித்து, என்னாச்சு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்றார். இல்லை சார், கண்ணில் தூசு என்றேன்.

அதற்கப்புறம் ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். பயமாக இருக்கவில்லையா என்று கேட்பீர்கள். இல்லை. அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் மன்னித்துவிட்டார், எனக்காக ஒரு பொய்கூடச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். குழுவில் யாரும் அன்று நடந்ததைப் பற்றி எழுதவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் நாள் ஆக ஆக அந்த மன்னிப்பு நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்தது. செத்துப் போனவரைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று. அடுத்த மாதச் சந்திப்பில் என் முறை வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அழுகையோடு சொல்லிவிட்டேன். "என் பேரு கலா. நான் டீச்சர் இல்ல. எட்டாவதுதான் படிச்சிருக்கேன். ப்ரௌசிங் சென்டர்ல கவுன்ட்டர்ல இருக்கேன். எல்லாரும் என்னை மன்னிக்கணும்."

யார் என்ன கேட்டாலும் கேட்கட்டும் என்று மைக்கை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். பிறகு மீனா அக்கா மெதுவாகச் சொன்னார். "தெரியும்மா. அதுக்கு ஏன் அழற?"

"எப்படிக்கா தெரியும்?"

"அவருதான் போன மாசம் சொன்னாரே. ஜெயராஜ் சார்."

"அவரு டீச்சர்னுதான சொன்னாரு?"

"இல்லையே" என்றார் வெங்கட். "'கவுன்ட்டர்ல இருக்கற பொண்ணு, என்ன மாதிரியே எட்டாவதோட நின்ன பொண்ணு'ன்னாரு. எவ்வளவு பெருமையா சொன்னாரு தெரியுமா? உனக்குச் சங்கடமா இருக்கும்னுதான் நாங்க யாரும் அதப்பத்திப் பேசல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது, அந்த ஒரு மாதமாக ஒருவர்கூட என்னை டீச்சர் என்று கூப்பிடவில்லை. மற்றவர்களையும் கேட்டேன். எட்டுப் பேரும் அதையேதான் கேட்டிருக்கிறார்கள். கடிதத்தில் இருந்த அதே வார்த்தைகள். டீச்சர் என்று கேட்டது நான் ஒருத்திதான்.

"அது இருக்கட்டும், அவரை ஏன் இன்னும் குழுவுல சேக்கல?" என்றார் மீனா அக்கா. "நாங்க எல்லாரும் பதில் எழுதி வெச்சிட்டுக் காத்துக்கிட்டு இருக்கோம்."

ஒரு உண்மையைச் சொல்லி முடித்த அதே வாயால், "அவருக்கு உடம்பு சரியில்லக்கா, சரியானதும் எழுதுவாரு" என்றேன்.

எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. சென்டர் மூடியாயிற்று, குழுவும் இல்லை. மீனா அக்கா மட்டும் எப்போதாவது போனில் பேசுவார், பேச்சின் நடுவில், ஜெயராஜ் சார் எப்படி இருக்காரு என்று கேட்பார். நன்றாக இருக்கிறார் என்பேன். போனை வைத்ததும் காதைத் தடவிக்கொள்வேன். எட்டுப் பேர் காதில் விழுந்தது அவர் எழுதியது. என் காதில் மட்டும் விழுந்தது அவர் சொன்னதா, இல்லை மன்னித்தால் தேவலை என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டதா, அப்படியென்றால் அதை ஏன் அவர் குரலிலேயே கேட்டேன், இதற்கு மட்டும் இன்றுவரை எனக்குப் பதில் இல்லை.