ஐஸ் கம்பெனிக்குள் ஒரு வாழைத்தோப்பு

ஐஸக்கா என்றால்தான் அவளை அந்த மலையூர்த் தெருவில் தெரியும். ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் பாளம் அடுக்கியவள். முதலாளி கண்ணை மூடியதும் கம்பெனியும் படுத்துவிட்டது. உறவுக்காரர்கள் கட்டடத்தை விற்கத் துடிக்க, முதலாளியின் மகள் ஒற்றைக்காலில் நின்றாள். நாற்பது வயதானாலும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான்.

"உள்ள ஒரு காடு வைக்கப்போறேன். காட்டுக்குள்ள ஹோட்டல்!" என்றாள் பாப்பா. கேட்டவர்கள் சிரித்தார்கள். ஐஸக்காவுக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். வேலை தப்பித்ததே!

வாழை, தென்னை, ஆளுயரச் சேம்பு எல்லாம் லாரியில் வந்து இறங்கின. மூங்கில் மேஜைகள், ஒரு குட்டி அருவி வேறு. முழத் தடிமனான சுவர்களுக்குள் உமி திணித்திருந்தது. குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் விடாது என்பது பாப்பாவின் கணக்கு.

ஆனால் ஹீட்டர் ராப்பகலாக ஓடியும் வாழையிலை கருகியது. வெளியே எலும்பைத் துளைக்கும் குளிர்.

"திறக்கப் பத்து நாள்தான் இருக்கு. செடி தேறலைன்னா கட்டடத்தை வித்துடறேன் அக்கா" என்றாள் பாப்பா.

மறுநாள் விடிந்ததும் வழக்கம்போல அவள்தான் முதல் ஆள். விளக்கைப் போட்டாள், கூரையிலிருந்து தொங்கிய சங்கிலியை இழுத்தாள். மேல் ஜன்னல் திறந்துகொள்ள, ஜில்லென்று காற்று உச்சந்தலையில் இறங்கியது. அப்படியே சிலையாகிப் போனாள்.

ஐஸுக்குச் சூடுதான் எமன். காலையில் ஜன்னலைத் திறந்து ஒரு மணி நேரம் அதை விரட்டுவதுதான் கம்பெனியில் அவளுடைய முதல் வேலை. கம்பெனி போன பிறகும் கை தன் பாட்டுக்கு அதையே செய்துகொண்டிருந்திருக்கிறது!

சொன்னால் வேலை போய்விடுமோ? ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். ஜன்னலை அடித்துச் சாத்திவிட்டு பாப்பா வீட்டுக்கு ஓட்டமாக ஓடினாள்.

"பாப்பா! ஹீட்டர் மேல தப்பில்ல, சுவர் மேலயும் தப்பில்ல. உன் காட்டைக் கொன்னது நான்தான்!"

மூச்சிரைக்க அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு பாப்பா முறைத்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்கப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு அக்கா. நீங்க இன்னும் அவர்கிட்டயே வேலை பாக்கறீங்களே!"

திறப்பு நாளில் வாழை புதுக் குருத்து விட்டிருந்தது. உள்ளே வந்தவர்கள் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மெனு கார்டால் விசிறிக்கொண்டார்கள். பாப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"என்னக்கா, முகமெல்லாம் நனைஞ்சிருக்கு? அழறீங்களா?"

"அட போ பாப்பா," என்றாள் ஐஸக்கா, "வேர்க்குது!"