கோச் தூங்குகிறார்

என் கால்பந்து வாழ்க்கையைப் பற்றி யாராவது கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என் வழக்கம். பன்னிரண்டு வயதில், டெக்சாஸின் ஃபிரிஸ்கோவில், பெண்கள் அணி ஒன்றில் இரண்டு சீசன் ஆடினேன். நான் பந்தை உதைத்ததைவிடப் பந்து என்னை உதைத்ததே அதிகம். அந்த இரண்டு சீசனிலும் கோல் என்று ஒன்று போட்டதில்லை. ஒரு மனிதரின் வேலை போவதற்கு மட்டும் என்னால் ஆன உதவியைச் செய்தேன். அதையும் காலால் செய்யவில்லை, பென்சிலால் செய்தேன்.

அந்த மனிதர் எங்கள் கோச். ருமேனியாக்காரர். ஒரு காலத்தில் ஸ்ட்ரைக்கராக ஆடியவர். ஸ்ட்ரைக்கர் என்றால் எதிரணியின் கோலுக்குப் பக்கத்தில் நின்று கோல் போடுகிறவர். அணியில் மிகவும் மோசமாக ஓடுகிறவள் நான் என்பதால் என்னையும் அவர் ஸ்ட்ரைக்கராகத்தான் வைத்திருந்தார், பெரும்பாலும் பெஞ்சில்.

ஆகஸ்ட் மாதம் அவருடைய பழைய கார் நடுரோட்டில் உயிரை விட்டது. டெக்சாஸ் ஆகஸ்டில் கார் இல்லாதவன் மனிதக் கணக்கிலேயே சேர்த்தியில்லை. அவருடைய அபார்ட்மென்ட் எங்கள் வழியில் இருந்தது. அப்பா அணியின் மேனேஜர். அதாவது, அந்த வேலையை யாராவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று பெற்றோர்களிடம் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர். ஆகவே வாரம் மூன்று நாள் எங்கள் வேனின் முன்சீட்டில் கோச்சும் பின்சீட்டில் நானும் பந்துப்பையும் என்று ஏற்பாடாயிற்று.

அப்பா ஆபீசிலிருந்து நேரே வருவார். கோச் ஒரு நாளைக்கு ஐந்து அணிகளை வெயிலில் ஓடவிட்டுவிட்டு எங்களிடம் வருவார். இருவர் முகமும் துவைத்துப் பிழிந்த மாதிரி இருக்கும். இருவருக்கும் பொதுவான பாஷை, ஆளுக்கு ஒரு விதமாக உடைந்த ஆங்கிலம். அதில்தான் அவர் தன் கதையைச் சொன்னார், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கும் எக்ஸிட்டுக்கு ஒரு கிளப்பாக.

நிலக்கரிச் சுரங்கம் இருந்த ஊர். அவருடைய அப்பா சுரங்கத்துக்குள் போனவர். பதினேழு வயதில் இவர் ஊர் கிளப்புக்கு ஆட வந்தார். இருபத்திரண்டில் முதல் டிவிஷன். இரண்டு வருடம் நன்றாகப் போனது, அதற்குள் இடது முழங்கால் போய்விட்டது. பிறகு இரண்டாம் டிவிஷன். பிறகு சைப்ரஸ். அங்கே கிளப்பின் முதலாளி மீன்கடையும் வைத்திருந்ததால் சில மாதம் சம்பளத்துக்குப் பதில் மீன் வந்தது. மறுபடி சொந்த ஊர், மறுபடி பெஞ்ச். முப்பத்திரண்டில் ஷூவைக் கழற்றிவிட்டு விசிலை மாட்டிக்கொண்டார். சுரங்கம் மூடியதும் கிளப்பும் மூடியது. அப்புறம் டெக்சாஸ், நான்.

மணிபர்ஸில் செய்தித்தாளிலிருந்து வெட்டிய படம் ஒன்று வைத்திருந்தார். தலைநகரத்தின் பெரிய கிளப்புக்கு எதிராக, ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது அவர் தலையால் முட்டிப் போட்ட கோல். படத்தில் அந்தரத்தில் இருக்கிறார், இறுக மூடிய கண்களோடு. அன்றைக்கு முழு ஆட்டத்திலும் நான்கே முறைதான் பந்து தன்னிடம் வந்தது என்றார்.

"அப்ப மத்த நேரமெல்லாம் என்ன பண்ணினீங்க?" என்று கேட்டேன். இளப்பமாகத்தான் கேட்டேன்.

"காத்துக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரைக்கருக்கு வேலையே அதுதான். ஓடுவதல்ல, சலிக்காமல் காத்திருப்பது."

அப்பா சிரித்தார் பாருங்கள், ஸ்டியரிங்கே ஆடியது. "அப்படின்னா நானும் ஸ்ட்ரைக்கர்தான் கோச். கிரீன் கார்டு வரிசையில" என்றார். கோச்சும் சிரித்தார். அப்பா வாழ்க்கையில் பந்தைத் தொட்டதே இல்லை என்று அம்மா சொல்லி எனக்குத் தெரியும். வெளியாளிடம் பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கதை முடிந்து ஏசி காற்று முகத்தில் பட்டால் போதும், கோச் தூங்கிவிடுவார். தலை கண்ணாடிப் பக்கம் சாயும், வாய் திறக்கும். அம்மா கொடுத்தனுப்பும் டப்பா மடியில் அப்படியே இருக்கும். தங்கள் ஊரில் சோளமாவைக் கிண்டிக் களி மாதிரி ஒன்று சாப்பிடுவோம் என்று அவர் சொன்னதை நான் வீட்டில் சொல்லியிருந்தேன். "களி திங்கற ஊர்க்காரராமா! அட சாமி, அப்ப நம்ம மனுசன்" என்று அன்றிலிருந்து அம்மா அவருக்கென்று தனி டப்பா கட்ட ஆரம்பித்துவிட்டார்.

அந்த சீசனில் நாங்கள் வரிசையாக ஆறு ஆட்டம் தோற்றோம். அதில் என் பங்கை நான் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனால் பெற்றோர் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை, கோச்சைச் சொன்னார்கள். அடுத்த வருடத்துக்கு அவரை வைத்துக்கொள்வதா என்பதில் பெற்றோரின் கருத்தைக் கேட்டு முடிவு செய்வதாக, எங்கள் அணியை நடத்திய கிளப்பில் சொல்லிவிட்டார்கள்.

வேறு ஊர்ப் பெற்றோராக இருந்தால் கூடிப் பேசிச் சண்டை போட்டிருப்பார்கள். எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் ஐடிக்காரர்கள். எங்கள் கோல்கீப்பரின் அப்பாவை டெலிவரி மேனேஜர் அங்கிள் என்போம், அவர் வேலையே அதுதான். ஒவ்வொரு வருடமும் ஆபீசில் தங்களைப் படுத்தி எடுக்கும் அப்ரைசல் படிவத்தை அப்படியே எடுத்து, தலைப்பை மட்டும் மாற்றி, அவர் கோச்சுக்கு ஒன்று தயாரித்துவிட்டார். பத்துக் கேள்வி. ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். கீழே கருத்துச் சொல்லக் கட்டம். பெற்றோர்கள் மட்டுமல்ல, ஆடுகிற பிள்ளைகளும் எழுத வேண்டும், பெயர் போடத் தேவையில்லை. சராசரி மூன்றரைக்குக் கீழே வந்தால் கோச் வேண்டாம்.

படிவத்தை என்னிடம் கொடுக்கும்போது அப்பா, "யாரையும் கேக்காத கண்ணு. உன் மனசுல என்ன படுதோ அத எழுது" என்றார். அப்பா அப்படிப்பட்டவர். ஆள் இல்லாத நாலுமுனை ரோட்டிலும் வண்டியை முழுதாக நிறுத்தி, மூன்று எண்ணிவிட்டுத்தான் எடுப்பார்.

என் மனதில் பட்டது என்னவென்றால், எல்லோரையும் சிரிக்க வைக்க இது நல்ல சந்தர்ப்பம் என்பது. கோலால் கிடைக்காத பெயரை ஜோக்கால் சம்பாதித்துக்கொண்டிருந்தவள் நான். கோச்சின் உற்சாகம் எப்படி என்ற கேள்விக்கு ஒன்று போட்டேன். அது பார்க்க அழகாக இருந்ததால் மற்ற ஒன்பதுக்கும் ஒன்றே போட்டேன். கருத்துக் கட்டத்தில், 'கோச் எங்கள் வேனில் தூங்குகிறார். நான் ஆடுவதைப் பார்த்த களைப்பாக இருக்கலாம்' என்று எழுதி, கீழே படமும் வரைந்தேன். திறந்த வாய், சாய்ந்த தலை, கழுத்தில் விசில், மடியில் அம்மாவின் டப்பா.

சனிக்கிழமை மதியம் டெலிவரி மேனேஜர் அங்கிள் வீட்டில் கூட்டம். கூட்டம் என்றால் ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து சாப்பிடுவது, நடுவில் கொஞ்சம் பேசுவது. புளியோதரைக்கும் கேசரிக்கும் இடையில் அங்கிள் என் படிவத்தை உயர்த்திக் காட்டினார்.

"இத எழுதுனது யாருன்னு நான் சொல்ல மாட்டேன்பா. அனானிமஸ்!" என்று சொல்லிவிட்டு நேராக என்னைப் பார்த்தார். படித்தார். படத்தையும் சுற்றிக் காட்டினார். வீடே சிரித்தது. ஒரு ஆன்ட்டி என் கன்னத்தைக் கிள்ளினார். என் கால்பந்து வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது. அம்மாகூடச் சிரிக்க ஆரம்பித்து, அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்பா கூட்டங்களில் பேசமாட்டார். அன்று தட்டைக் கீழே வைத்தார்.

"அவரு காலைல இருந்து அஞ்சு டீமுக்கு ஓடறாருங்க. தூங்காம என்ன பண்ணுவாரு? அவரும் நம்மள மாதிரி விசாவுலதான் இருக்காரு. வேலை போச்சுன்னா அறுபது நாள், அதுக்குள்ள இன்னொருத்தர் வேலை குடுக்கலைன்னா மூட்டை கட்டணும். அது நமக்கெல்லாம் தெரியாததா?"

 கேசரி எடுக்கப் போன கைகள் நின்றன.

"சார், அது வேற, இது வேற" என்றார் அங்கிள், கொஞ்சம் இறங்கிய குரலில். "எமோஷனையும் டேட்டாவையும் மிக்ஸ் பண்ணக்கூடாது. என் ஆபீஸ்ல எனக்கு மட்டும் யாராச்சும் பாவம் பாக்கறாங்களா?"

 அறுபது நாள் என்பது எனக்குக் கோடை விடுமுறை மாதிரி நீளமாகத் தோன்றியது. அறுபது நாள் வேலைக்கே போக வேண்டாமென்றால் கோச் நன்றாகத் தூங்கலாமே என்று நினைத்தேன்.

மறுநாள் அப்பா என் மேசைக்கு வந்தார். கையில் எழுதாத படிவம் ஒன்று.

"கண்ணு, இத இன்னொருக்கா எழுதறயா?"

"மனசுல பட்டத எழுதுன்னு நீங்கதானப்பா சொன்னீங்க?"

 "ஆமா சாமி, நாந்தான் சொன்னேன்" என்று அப்பா படிவத்தை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். அப்பாவிடம் நான் வாதாடி ஜெயித்தது அதுதான் முதல் தடவை. ஜெயித்த சந்தோஷத்தில் இரண்டு முறுக்கு தின்றேன்.

மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போட வேண்டிய வேலையும் மேனேஜர் என்ற முறையில் அப்பாவுடையதுதான். ஒரு எண்ணைத் தட்டி மாற்றியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. அப்பா மாற்றவில்லை. அவரும் அம்மாவும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தார்கள், ஐந்துக்கு மேல் அந்தப் படிவத்தில் இடம் இல்லை. சராசரி மூன்றரைக்கு மயிரிழை கீழே வந்து நின்றது. என்னுடைய பத்து ஒன்றுகள் இல்லாவிட்டால் தாண்டியிருக்குமா என்று கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு இன்றுவரை தைரியம் வந்ததில்லை. அப்பா போட்டுப் பார்த்திருப்பார்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின நாள் கிளப்பில் அவரிடம் சொல்லிவிட்டார்கள். முறைப்படி செய்கிறவர்கள் அல்லவா, கருத்துகளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை காலை வேனில் ஏறியதும் கோச் சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். என் படம்.

அப்பாவின் கழுத்து விறைத்தது பின்சீட்டிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

கோச் திரும்பி என்னைப் பார்த்தார். "வாய் சரியாக வந்திருக்கிறது. மூக்குதான் சின்னதாகிவிட்டது. என் மூக்கு இன்னும் பெரியது." பிறகு மணிபர்ஸைத் திறந்து, அந்தச் செய்தித்தாள் படத்தை எடுத்து என் படத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். "என்னிடம் இருக்கும் படங்கள் இரண்டே இரண்டு. இரண்டிலும் என் கண் மூடியிருக்கிறது" என்றார். இரண்டையும் சேர்த்து மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

என் ஓவியத்துக்குக் கிடைத்த மரியாதையில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அன்று அவர் என்னை முழு ஆட்டமும் ஸ்ட்ரைக்கராக ஆடவிட்டார். ஒரு நிமிடம்கூடப் பெஞ்ச் கிடையாது. கடைசியிலாவது என் திறமையைக் கண்டுகொண்டாரே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வெயில் மண்டையைப் பிளந்தது. பந்து எங்கேயோ தூரத்தில் எங்கள் கோல் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தது, ஏற்கெனவே இரண்டு உள்ளே போயிருந்தது. நான் பேசாமல் நின்றேன். சலிக்காமல் காத்திருப்பதுதான் வேலை என்று அவர்தானே சொல்லியிருந்தார்? ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் எங்கிருந்தோ ஒரு பந்து தப்பித்து என் காலடிக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு உதைத்தேன்.

கண்ணைத் திறந்தபோது பந்து கம்பத்துக்கு வெளியே, அவசரமே இல்லாமல் உருண்டு போய்க்கொண்டிருந்தது. மைதானத்தில் ஒரே ஒரு ஆள் கைதட்டினார். "நன்றாகக் காத்திருந்தாய்!" என்று கோச் அங்கிருந்தே கத்தினார். எங்கள் கோல்கீப்பர்கூடச் சிரித்துவிட்டாள்.

திரும்பும்போது வேனில் மூன்றாவது சிக்னலுக்குள் கோச் தூங்கிவிட்டார். நான் வரைந்த மாதிரியே தலை, வாய், மடியில் டப்பா. ஆனால் இப்போது மூக்கு பெரிதாகத்தான் தெரிந்தது.

அவர் இறங்க வேண்டிய எக்ஸிட் வந்தது. அப்பா இண்டிகேட்டர் போடவில்லை. வேன் நேராகப் போனது.

"அப்பா, எக்ஸிட்ட விட்டுட்டீங்க."

அப்பா ஒரு கையால் கோச்சின் பக்கம் இருந்த வெயில் மறைப்பை மெதுவாக இறக்கிவிட்டார். ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். அடுத்த ஊர் வரைக்கும் போய்ப் பாலத்துக்கடியில் திரும்பினோம். அந்த எக்ஸிட் எதிர்ப்பக்கமாக மறுபடி வந்தது, மறுபடி போனது. எனக்குப் பசி. எக்ஸிட்டைப் பற்றி எத்தனை தடவை சொல்வது? முதுகுக்குப் பின்னால் பந்துப்பை உறுத்திக்கொண்டே இருந்தது.

அம்மாவிடமிருந்து போன். "ஏனுங்க, எங்க இருக்கறீங்க? சோறு ஆறிப்போச்சு."

"டிராஃபிக்" என்றார் அப்பா, ரகசியம் மாதிரி.

நான் முன்னால் எட்டிப் பார்த்தேன். ஆறு வழிச் சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரு வண்டி இல்லை. ஆளில்லாத ரோட்டில் மூன்று எண்ணுகிற மனிதர் எதற்காக இப்படிப் பொய் சொல்கிறார் என்று யோசித்தேன். இத்தனை மாதமாக ஓட்டிய ரோட்டில் அப்பாவுக்கு வழி தப்பிவிட்டது, வெளியே சொல்ல வெட்கப்படுகிறார் என்று முடிவு செய்தேன். பாவமாக இருந்தது. அந்த எக்ஸிட் மூன்றாவது முறை வந்தபோது நான் அதைக் காட்டிக்கொடுக்கவில்லை.