ஊசிக்கு ஒருத்தி, ரொட்டிக்கு ஒருத்தி

“பவுனம்மா, ரொட்டி சாப்பிட்டீங்களா?” என்று வார்டுத் தாதி பூரணம் கேட்டாள்.

“தட்டு காலியாத்தானே இருக்கு, மிஸ்ஸி?”

“தட்டைக் கேக்கல. உங்களக் கேக்கறேன்.”

பவுனம்மாள் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். “வெள்ளிக்கிழமை லா மிஸ்ஸி. கால் புண்ணு ஆறுற வரைக்கும் வெள்ளிதோறும் பொழுது சாய்ற வரை சாப்பிடமாட்டேன்னு ஆத்தாகிட்ட நேந்திருக்கேன். ரொட்டிய நசீமாகிட்ட குடுத்துட்டேன். வீணாக்கலாமா?”

“ஐயோ, ஊசி போட்டுக்கிட்டீங்களே!”

“அந்த மிஸ்ஸி கைய நீட்டுன்னாங்க, நீட்டுனேன். ஊசி என்ன கவிச்சியா?”

அதற்குள் அவள் நெற்றியெல்லாம் வேர்த்து, கை நடுங்கத் தொடங்கியிருந்தது. இன்சுலின் போட்ட உடம்பு பட்டினி தாங்காது. பூரணம் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, “இது மருந்து, ஆத்தா கோவிச்சுக்கமாட்டா” என்று கெஞ்சிக் குடிக்க வைத்தாள்.

இது எண்பத்து நான்கில் நடந்தது. பூரணம் பிரிக்பீல்ட்ஸ்காரி, என்னோடு ஒரே வார்டில் தாதியாக இருந்தாள். பவுனம்மாள் கேரி தீவில் செம்பனைத் தோட்டத்து வேலையாள், இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்காரி. எங்கள் வார்டில் ஊசி போட ஒருத்தி, ரொட்டி கொடுக்க ஒருத்தி, கட்டுக் கட்ட ஒருத்தி. அன்றும் அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகத்தான் செய்திருந்தோம். பவுனம்மாள் பட்டினி கிடந்ததை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

பூரணம் நேராக வார்டுத் தலைமைத் தாதி சிஸ்டர் மார்க்கிரட்டிடம் போனாள். “கட்டிலைப் பிரிச்சுக் குடுங்க சிஸ்டர். என் ஆளுங்களுக்கு எல்லாத்தையும் நானே பாத்துக்கறேன்.”

“நாப்பது கட்டில் லா பூரணம்! ஒவ்வொருத்தர் விரதமா விசாரிச்சா ஊசி எப்ப போடறது?”

“விசாரிச்சிட்டுப் போடலாம், சிஸ்டர்.”

“வந்துட்டாங்க டாக்டரம்மா!” என்றார் சிஸ்டர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அடுத்த வெள்ளியும் அதே கதை. வார்டின் மறுகோடியில் கட்டுக் கட்டிக்கொண்டிருந்த பூரணம், பவுனம்மாள் துவண்டு சரிவதைப் பார்த்து, பாதிக் கட்டோடு ஓடி வந்தாள். பவுனம்மாள் பிழைத்தாள். பாதியில் விட்டுப் போனதற்குப் பூரணத்துக்குத் திட்டு. அடுத்த நாளே வெளிநோயாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். அந்த வெள்ளி ஊசிக்கு வேறொருத்தி; விரதத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை, நானும்தான்.

கிளம்பும்போது பூரணம் என்னைப் படியோரம் நிறுத்தினாள்.

“வெள்ளிக்கிழமை ஊசி வேலைய நீ கேட்டு வாங்கிக்க. யார்கிட்டயும் வாய் தொறக்கமாட்ட, எனக்குத் தெரியும். இதுக்கு மட்டும் தொற.”