மக்கா என்று கூப்பிட்ட வகுப்பில் லீலாபாய் டீச்சர்

என்னோடு படித்த ரம்யா போன் செய்தபோது நான் ஜாக்கெட்டுக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் போன்தான். அம்மா காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினாள். "பிள்ள, நம்ம லீலாபாய் டீச்சர் போயிட்டாங்க. காலையில நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே..." என்று சொல்லிவிட்டு ரம்யா அழுதாள். நான் "சரி" என்றேன். போனை வைத்துவிட்டு மறுபடியும் தைத்தேன். சாயங்காலம் அம்மா பார்த்துவிட்டு, "எல்லா ஊக்கையும் புறம் மாத்தி வச்சிருக்கியே" என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

டீச்சரின் பழைய மாணவிகள் சேர்ந்து போடும் இந்த நினைவு மலருக்கு எழுதும் உரிமை எனக்கு உண்டா என்று யோசித்தேன். நான் ஒன்பதாம் வகுப்பில் பாதியில் நின்றவள். ஆனாலும் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த டீச்சரைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள். ஆய்வகத்தில் பாட்டிலை உடைத்தவளைத் திட்டாமல், "கையில குத்தலியே? அப்போ சரி, பெருக்கு" என்று சொன்னவர். பதில் தெரியாமல் முழிப்பவளைப் பார்த்து, "கூரையில எழுதி வச்சிருக்கேன், பாரு" என்று சிரிக்க வைத்தவர். எனக்குத் தெரிந்த டீச்சர் ஒரு தவறு செய்தவர். அந்தத் தவறால்தான் அவர் எனக்கு இவ்வளவு வேண்டியவர் ஆனார்.

வருகைப் பதிவு எடுக்கும்போது என் குரல் வராது. எனக்குப் பதிலாக மூன்று பேர் சேர்ந்து, "மக்கா வந்திருக்கு டீச்சர்" என்பார்கள். வகுப்பு சிரிக்கும். அந்த மூவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவர்களும் இதைப் படிப்பார்கள். என் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து உள்ளே இருக்கும் மீனை எல்லோருக்கும் காட்டும்போது, "மக்கா, இன்னைக்கும் சாளையா மக்கா?" என்பார்கள். பின்னலைப் பெஞ்சோடு சேர்த்துக் கட்டும்போது, "வலிக்கா மக்கா?" நான் வாசித்தால் அதேபோல் திக்கிக் காட்டிவிட்டு, "கோவமா மக்கா?" ஒருமுறைகூட என்னை அவர்கள் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியதில்லை.

மக்கா என்பது நம் ஊரில் அம்மா பிள்ளையைக் கூப்பிடும் சொல். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஆச்சிகூட "தள்ளி இரி மக்கா" என்பாள். நான் யாரிடம் போய் என்ன சொல்வது? மக்கா என்று கூப்பிடுகிறார்கள் டீச்சர், என்றா?

ஒருநாள் வராந்தாவில் டீச்சர் வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் மூவரில் உயரமானவள் என் தோளில் கை போட்டு, "வா மக்கா, சேர்ந்து போவோம்" என்றாள். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு பாசமா கூப்பிடுதுவ, பாத்தியா! நீ ஏன் கடைசி பெஞ்சுல தனியா இருக்க? இவங்க நடுவுல இரி. கூச்சமெல்லாம் ஒரு மாசத்துல போயிரும்" என்றார். நான் "சரி டீச்சர்" என்றேன். அன்று மதியம் என் பையைத் தானே தூக்கி வந்து முன்பெஞ்சில் வைத்தார். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் அவர்கள். எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் மூன்று பேரும் எழுந்து வழிவிட வேண்டும். அவர்கள் எழ மாட்டார்கள். நான் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

அடுத்தது உங்களில் பலருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருக்கும். மதிய இடைவேளையில் நான் உள்ளே இருக்கும்போது கழிப்பறைக் கதவின் வெளிக்கொண்டியைப் போட்டுத் தாழிட்டார்கள். "உள்ள சுகமா மக்கா?" என்ற குரல் கேட்டது. பிறகு மணி அடித்தது, செருப்புச் சத்தம் போய்விட்டது. நான் கதவைத் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். தட்டினால் யாராவது வந்து திறப்பார்கள். திறந்தால் என்ன நடந்தது என்று கேட்பார்கள். கேட்டால் நான் பேச வேண்டும். அதைவிட உள்ளேயே இருப்பது எளிதாகத் தோன்றியது. மேலே ஒரு சிறிய சன்னல். அது வழியாகப் பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொல்வது கேட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தேன்.

வகுப்பில் டீச்சர் என்னைத் தேடியிருக்கிறார். "வயித்துவலின்னு வீட்டுக்குப் போயிட்டு டீச்சர், பாவம்" என்று பதில் வந்திருக்கிறது. டீச்சர் நம்பிவிட்டார். கடைசி பீரியடுக்கு முன்னால் ரம்யா மட்டும் அவரிடம் போயிருக்கிறாள். அவளுக்கும் அவர்களிடம் பயம். அதனால் என் பெயரைச் சொல்லவில்லை. "டீச்சர், கக்கூஸ்ல ஒரு கதவுக்கு வெளிக்கொண்டி போட்டுக் கெடக்கு" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள்.

டீச்சர் ஓடி வந்த மூச்சு எனக்கு உள்ளேயே கேட்டது. கதவு திறந்ததும் நான் சிரித்தேன். அப்படித்தான் எனக்குப் பழகியிருந்தது. "கதவு தானா மாட்டிக்கிட்டு டீச்சர்" என்றேன். அவர் கொண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வெளிய கெடக்க கொண்டி தானா எப்படிப் போடும் மக்கா?" என்றார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் அதைக் கவனித்தார். கதவை விட்டு ஓரடி விலகி வழிவிட்டார். பிறகு மெதுவாக, "அபிஷா, வெளிய வா" என்றார். அன்றிலிருந்து அவர் என்னை ஒருநாளும் மக்கா என்று கூப்பிடவில்லை. மற்ற எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டார். என்னை மட்டும் பெயர் சொல்லித்தான்.

மறுநாளே ஓர் ஆளைக் கூட்டி வந்து எல்லாக் கதவுகளின் வெளிக்கொண்டியையும் கழற்ற வைத்தார். அலுவலக அறையில் இது பெரிய பேச்சானது. பிள்ளைகள் விளையாட்டை இவ்வளவு பெரிதாக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். "கக்கூசுக்குப் பொறத்த எதுக்குக் கொண்டி? உள்ள என்ன நகைக்கடையா நடக்கு?" என்று டீச்சர் திருப்பிக் கேட்டாராம். "விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும். ஒருத்தி பயந்து சிரிச்சா அது கணக்குல வராது" என்றும் சொன்னாராம். மூவரையும் வகுப்பின் முன்னால் நிறுத்தவில்லை. தனித்தனியாக அழைத்து, அவரவர் அம்மாவை வைத்துக்கொண்டு பேசினார். என்னைக் கூப்பிட்டு அவர்களோடு கைகுலுக்கச் சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் அவருக்கு நன்றி. மற்றவர்களிடம் அவர் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். "அவங்க செய்தது அவங்க தப்பு. சிரிச்சது நம்ம தப்பு. நானும் அந்த மக்காவைக் கேட்டுச் சிரிச்சவதான்." ரம்யா சொன்னதுபோல, பெயர் சொல்லாமல் கண்டதை மட்டும் வந்து சொன்னால் போதும், மீதியைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

எல்லாம் சரியாகத்தான் செய்தார். ஆனால் அரையாண்டு விடுமுறைக்குப் பிறகு நான் போகவில்லை. பையை மாட்டிக்கொண்டு வாசல் வரை வருவேன், கால் வராது. அம்மா அடித்தாள், பிறகு அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். இப்போது என் வீட்டுக் கதவுக்கு உள்கொண்டி. போடுவதும் நானே. அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால், "அவளுக்குப் படிப்பு ஏறல" என்று அம்மா சொல்வாள்.

சனிக்கிழமைகளில் டீச்சர் இராஜாக்கமங்கலம் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவார். தரையில் உட்கார்ந்து, அம்மா கொடுக்கும் பால் சேர்க்காத கட்டஞ்சாயாவைக் குடிப்பார். முதல் நாளே அம்மாவிடம் சொன்னார்: "படிப்பு ஏறலன்னு சொல்லாதீங்க. உங்க பிள்ளைய எங்களுக்குப் பாத்துக்கத் தெரியல. அப்படியே சொல்லுங்க, நாலு பேருட்ட." என்னிடம், "நான்தான் உன்னைக் கொண்டு அவங்க நடுவுல இருத்தினேன், அபிஷா" என்றார். ஒரு டீச்சர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவும் கேட்டதில்லை. அன்று பஸ் வரும் வரை அம்மா அவரோடு போய் நின்றாள்.

அவர்தான் என்னைத் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுத வைக்கப் பார்த்தார். முதல் தேர்வன்று என்னை அழைத்துக்கொண்டு தேர்வு மையத்துக்கு வந்தார். சீருடை போட்ட பிள்ளைகளின் கூட்டத்தைப் பார்த்ததும் கேட்டிலேயே நின்றுவிட்டேன். மணி அடித்தது. கேட்டைச் சாத்தினார்கள். அவர் கோபப்படவில்லை. எதிர்க்கடையில் எலுமிச்சை பிழிந்த நாரங்கா வெள்ளம் வாங்கித் தந்து, "வீட்டு வாசல்ல நின்னவ இங்க வரைக்கும் வந்துட்டா. குடி" என்றார். அடுத்த தேர்வு வரப்போகிறது. இந்த முறை என்னோடு பஸ்ஸில் ஏற அவர் இல்லை. நான் போவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அடக்கத்தன்று நீங்கள் எல்லோரும் டீச்சர் வீட்டு முற்றத்தில் நின்றீர்கள். நான் சாலையின் இந்தப் பக்கம், ஒரு மதிலோரம் நின்றேன். மூவரில் அந்த உயரமானவள் என்னைப் பார்த்துவிட்டு வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. "உள்ள வா மக்கா" என்றாள்.

அது பழைய மக்காவா, உண்மையான மக்காவா? அவள் முகத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. அவள் மனதார அழைத்திருக்கலாம். அப்படியென்றால் அவள்மேல் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லை நம்பும் இடம் எனக்குள் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. ஓடிவிடலாம் என்று தோன்றியது. "எனக்குப் பேரு அபிஷா" என்றேன். குரல் சின்னதாகத்தான் வந்தது. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு, "வா அபிஷா" என்றாள். சாலையைக் கடந்தேன். முற்றம் வரை போனேன். கூட்டத்தைத் தாண்டி உள்ளே போக முடியவில்லை. அங்கிருந்தே டீச்சரைப் பார்த்துக் கும்பிட்டேன்.

டீச்சரின் படமோ பொருளோ என்னிடம் எதுவும் இல்லை. அவர் கூப்பிட்ட விதம் மட்டும் இருக்கிறது. கொஞ்சமும் இனிப்பு சேர்க்காமல், வகுப்பில் எல்லோரையும் போல் எனக்கும் ஒரு பெயர் உண்டு என்பதுபோல் கூப்பிடுவார். இந்தக் கட்டுரைக்குக் கீழே 'ஒரு மாணவி' என்று மட்டும் போடலாமா, உனக்குச் சங்கடம் இருக்காதே என்று ரம்யா கேட்டாள். வேண்டாம் ரம்யா, பெயரையே போடு.

அபிஷா