வீட்டுக்காரம்மா பெர்த்தில் இருக்கிறார்

என் உடன்பிறந்த அக்காவை, அவளுடைய சொந்த வீட்டில், அவள் காதுபடவே, "வீடு கூட்ட வர்றவங்க" என்று சொன்னவன் நான்.

சொல்லிவிட்டேன்! இந்த ஒரு வரியைத் தாண்ட முடியாமல் எத்தனையோ முறை எழுந்து போயிருக்கிறேன். இன்று எழுந்திருக்கப் போவதில்லை. என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

எங்கள் தீவில், ஜார்ஜ் டவுனில், நான் வீட்டுத் தரகன். வாய்தான் என் முதல். ஜன்னல் கதவு மூடாத வீட்டை "காற்றோட்டமான வீடு" என்று சொல்லி விற்றிருக்கிறேன். சிரிக்காதீர்கள்... வாங்கியவரும் என்னைப் போன்ற ஒருவரிடம் ஏற்கெனவே ஏமாந்தவர்தான்.

அக்கா பெயர் தேவகி. பாயான் பாருவில் மின்னணுத் தொழிற்சாலையில் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்தபடியே இளமையைக் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சம்பளத்தில் டத்தோ கிராமாட்டில் ஒரு மாடி வீட்டை வாங்கினாள். அதில்தான் என்னையும் வைத்துப் படிக்க வைத்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முழங்கால் அவளைப் பழிவாங்கத் தொடங்கியது. படுக்கையறை, குளியலறை இரண்டுமே மாடியில். காலையில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குவாள். ஒருநாள் நான் அதைப் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும், "படியத் தொடைக்கிறேன்டா" என்றாள்.

"தம்பி, இந்த வீட்ட வித்துக் குடுத்துரு. பாயான் பாருல கீழ்வீடு ஒண்ணு வருது. என் கூட்டாளிங்க எல்லாம் அங்கதான்லா இருக்காங்க. அட்வான்ஸ் குடுத்துட்டேன்."

கொடுத்தே விட்டிருந்தாள்! கெடுவுக்குள் இந்த வீடு விற்காவிட்டால் அந்த அட்வான்ஸும் போகும், கீழ்வீடும் போகும். மறுபடி படிகள்தான்.

என் முதல் குற்றம் இங்கேயே தொடங்குகிறது. விளம்பரம் போட்ட உடனே ஒருவர் வந்தார். நியாயமான விலை கேட்டார். அக்கா தலையாட்டத் தயாராக இருந்தாள். நான்தான் குறுக்கே விழுந்தேன். "அவசரப்படாதக்கா, விலை ஏறிக்கிட்டு இருக்கு. இவன விட்டா பத்துப் பேர் வருவாங்க."

எவனும் வரவில்லை. சுற்றிலும் புதுக் கோண்டோ அடுக்குமாடிகள் எழுந்தன. நீச்சல் குளம் தருகிறோம், முன்பணமே வேண்டாம் என்று கட்டியவர்கள் ஆளை அள்ளிக்கொண்டு போனார்கள். பழைய வீடு என்றாலே வங்கிகள் மூக்கைச் சுளித்தன. முதலில் கேட்டவருக்கு நானே போன் செய்தேன். அவர் கோண்டோ வாங்கிக் குடியேறியிருந்தார்.

அப்போதாவது அக்காவிடம், "நான் கணக்குப் போட்டது தப்பு, விலையைக் குறைப்போம்" என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம்! அதைச் சொல்ல இந்த வாய்க்கு வரவில்லை. விலையைத் தொடாமல் வித்தையை மாற்றினேன்.

சந்தை விழுந்தால் எங்கள் தொழிலில் சில வழிகள் உண்டு. வீட்டுக்கு வெள்ளை அடிப்பது. குடியிருப்பவரின் அடையாளமே தெரியாமல் துடைத்தெடுப்பது. எல்லாவற்றையும் விட முக்கியம், விற்கிறவருக்கு அவசரம் என்று மூச்சு விடக்கூடாது. விட்டால் வாங்குகிறவர் கழுத்தில் துண்டைப் போட்டு இறுக்குவார். அதனால் ஒரு கதை கட்டினேன். சொந்தக்காரர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார், வீடு காலி, அவருக்கு எந்த அவசரமும் இல்லை.

கதைக்குத் தோதாக வீட்டைக் காலி செய்தேன். படங்கள், மாவிலைத் தோரணம், அம்மிக்கல், சாமி மேடை... எல்லாம் என் வீட்டு ஸ்டோரில் அடைந்தன. அக்காவுக்குப் பின்னறையில் ஒரு மெத்தை மட்டும். தாளிக்கக்கூடாது, வாசனை நிற்கும் என்றேன். கடையில் வாங்கிச் சாப்பிட்டாள்.

"விளக்க எங்கடா ஏத்துறது?" என்று கேட்டாள்.

"கொஞ்ச நாளைக்கு மனசுக்குள்ள ஏத்திக்கக்கா."

சிரித்தாள். நானும் சிரித்தேன். என்ன திமிர் எனக்கு!

வீடு பார்க்க யாராவது வந்தால் அக்கா முனைக் கோப்பிக்கடையில் போய் உட்கார்ந்திருக்க வேண்டும். "நான் போன் பண்ற வரைக்கும் வராத" என்பது என் உத்தரவு. ஒரு கோப்பியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பாள்.

கெடு நெருங்கிய சமயம். ஒரு வெள்ளிக்கிழமை இளம் தம்பதி வந்தார்கள். நம்மவர்கள்தான், தமிழர்கள். கணவனுக்குப் புக்கிட் தெங்காவில் வேலை. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"சொந்தக்காரங்க யாருண்ணே?" என்று கேட்டாள் மனைவி.

"ஒரு அம்மா. பெர்த்துல இருக்காங்க. அவங்களுக்கு அவசரமே இல்லம்மா. நல்ல விலை வந்தா குடுப்பாங்க, இல்லாட்டி சும்மா கிடக்கட்டும்னு சொல்லிட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை. பின்சந்துக் கதவு திறந்தது. அக்கா! நனைந்த முடி நெற்றியில் ஒட்டியிருக்க, கையில் செருப்போடு, மூச்சு வாங்க நின்றாள்.

"விளக்கு..." என்று ஆரம்பித்தவள், ஆட்களைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். பின்கட்டில், துணி துவைக்கும் இடத்தில், சோப்பு வைக்கும் பலகை மேல் ஒரு சின்ன அகல் எரிந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எனக்குத் தெரியாமல் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்! அன்று நான் அவசரப்படுத்தியதில் குளிர வைக்க மறந்துவிட்டாள். எங்கே தீப்பிடித்துவிடுமோ என்று அந்தக் காலோடு, அந்த மழையில் ஓடி வந்திருக்கிறாள்.

தம்பதி இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் யோசித்தேன். ஆமாம், யோசித்தேன்... வாய் தவறி வந்தது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். "இது என் அக்கா" என்றால் பெர்த் கதை கிழியும். கதை கிழிந்தால் விலை விழும். விலை விழுந்தால், முதல் ஆளைத் துரத்திய என் கணக்கு தப்பு என்பது அக்காவுக்கு முன்னால் அம்பலமாகும்.

"இவங்க... வீடு கூட்ட வர்றவங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை. தொழிற்சாலையில் பழுது தேடிப் பழகிய கண். என்னிடம் அந்தப் பழுது எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்ப்பது போல ஒரு பார்வை. பிறகு செருப்பை ஓரமாக வைத்தாள். மூலையில் கிடந்த துணியை எடுத்தாள். மடங்காத அந்த முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தன் ஈரக் காலடிகளைத் தானே துடைக்க ஆரம்பித்தாள்.

நான் தடுக்கவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

"அக்கா, விளக்கு நீங்களா ஏத்துனீங்க?" அந்தப் பெண் அவள் அருகில் போய்க் கேட்டாள்.

"ஆமாம்மா. வெள்ளிக்கெழமல்ல."

"வீட்டுக்காரங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்ல மாட்டாங்க. வீட்டுக்காரம்மா நல்லவங்க."

"ரொம்ப வருசமா இங்க வேலையா?"

"ரொம்ப வருசம்லா" என்றாள் அக்கா, தலை நிமிராமல்.

அந்தப் பெண் கணவனிடம் திரும்பினாள். "எத்தன வீடு பாத்துட்டோம்! எல்லாம் ஒரே வெள்ள, ஆஸ்பத்திரி மாதிரி. அந்த விளக்கப் பாத்தா இந்த வீட்டுலதாங்க மனுசங்க இருந்த மாதிரி இருக்கு. இதையே எடுத்துக்குவோம்."

கேட்டீர்களா? நான் அடித்த வெள்ளை இல்லை. பெர்த் இல்லை. நான் ஏற்றக்கூடாது என்று சொன்ன விளக்குதான் அந்த வீட்டை விற்றது.

அவர்கள் போன பிறகு, "அக்கா, அது வந்து..." என்று இழுத்தேன்.

"வித்துருமா?"

"வித்துரும்."

"அப்ப சரி." துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள். விளக்கைக் குளிர வைத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

முதலில் கேட்டவர் சொன்னதை விடக் குறைவாகத்தான் போனது. ஆனாலும் கெடுவுக்குள் முடிந்தது. விற்பவரும் வாங்குபவரும் வக்கீல் அலுவலகத்தில் வேறு வேறு நாளில் கையெழுத்திடுவது இங்கே சாதாரணம் என்பதால் என் பொய்க்குக் கீறல்கூட விழவில்லை. அக்கா பாயான் பாருவுக்குக் குடிபோனாள். படியே இல்லாத வீடு.

தீபாவளிக்கு முன் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டு ஒரு பையைக் கொடுத்தாள். உள்ளே பஞ்சாபி சூட்டுகள், சேலைகள். "அந்த வேலைக்கார அக்காவுக்குக் குடுத்துருங்கண்ணே. கட்டுனதுதான், ஆனா ஒரு கிழிசல் இருக்காது. அவங்க ஏத்துன விளக்குல வந்து சேந்தோம்."

வெகுளியான முகம். "ரொம்ப நன்றிம்மா" என்று வாங்கிக்கொண்டேன்! வேறென்ன செய்வேன்? பையைக் கார் பின்பெட்டியில் போட்டேன். கொடுக்க முடியவில்லை. எறியவும் முடியவில்லை. பண்டிகை முடிந்து பல மாதங்கள் அது என்னோடு ஊரெல்லாம் சுற்றியது.

பிறகு ஒருநாள் அக்காவைப் பசாருக்குக் கூட்டிப் போனேன். காய்கறிப் பையை வைக்க அவளே பின்பெட்டியைத் திறந்துவிட்டாள். நான் ஓடி வருவதற்குள் ஒரு நீலச் சேலை அவள் கையில் இருந்தது.

"யாருதுடா இது?"

வாய்தான் முதல் என்று சொன்னேனே... அந்த வாய் ஒட்டிக்கொண்டது.

அக்கா சேலையின் கரையைத் தடவிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வீட்டுக்காரம்மா குடுத்தாங்களா?" என்றாள்.

குத்திக் காட்டினாளா? இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. சேலையை மடித்து வைத்தாள்; வீடு வந்ததும் அந்தத் துணிப் பையைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். என்னைத் தொடவிடவில்லை.

மன்னிப்புக் கேட்டால் என்ன என்கிறீர்கள். கேட்டால் உடனே, "போடா, அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவாள். அப்புறம் நான் இதை யாரிடம் கொண்டுபோய் வைப்பேன்?

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். அந்த நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "யாருக்கா இவரு?" என்று கேட்டாள்.

"என் தம்பி. கூடப் பொறந்தவன்" என்றாள் அக்கா. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.