பிரஸ் பட்டன் வைத்த ரவிக்கை

என் ஓரகத்தியிடம் நீலப் பருத்தி ரவிக்கை ஒன்று உண்டு. இடது கைத் தையலைத் தோள்வரை பிரித்து, வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்திருப்பாள். ஒரே இழுப்பில் திறந்தால் பட்பட்டென்று சத்தம் வரும். கொரோனாத் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த அன்று எங்கள் பெஹாலா வீட்டுக் கூடத்தில் நின்று அப்படித்தான் திறந்து, பஞ்சு ஒட்டியிருந்த இடத்தைக் காட்டினாள். முழங்கை மறைக்கும் ரவிக்கையைத் தவிர வேறு போட்டறியாதவள். முகாமில் நாலு பேர் முன்னால் சங்கடப்படக்கூடாது என்று முன்கூட்டியே யோசித்துத் தைத்து வைத்திருக்கிறாள். அந்த முன்யோசனையைப் பார்த்தே எனக்கு வயிறு எரிந்தது. ஊசியை நினைத்து எரிந்தது அதற்கப்புறம்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வங்காளத்துக்கு வந்து துறைமுகத்தில் வேலை பார்த்த மாமனார் கட்டிய வீட்டில் அவர்கள் கீழே, நாங்கள் மாடியில். இருவருமே ஆசிரியைகள். அவள் அரசுப் பள்ளியில். நான் பாலிகஞ்சில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அரசுத் தேர்வை நானும் எழுதினேன். வங்காளம் பேச்சில் எனக்கு ஓடும், எழுத்தில் நொண்டும். அக்காவுக்கு இரண்டும் ஓடியது. அன்றிலிருந்து அவளுடைய பென்ஷன், பூஜா விடுமுறை எதைப் பார்த்தாலும் எனக்குள் ஒரு புகைச்சல்.

அந்த வருடம் சட்டமன்றத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி வேலைக்குப் போகும் அரசு ஆசிரியர்களுக்கு முதலிலேயே ஊசி போட்டார்கள். தனியார் பள்ளிக்காரி, நாற்பத்தைந்து நிரம்பாதவள் என்று நான் எந்த வரிசையிலும் சேரவில்லை. சேனலைத் திருப்பினால் இதே சண்டைதான். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்ப வேண்டுமென்றால் வாத்தியார்களுக்கு முதலில் போடுங்கள் என்பார் ஒருவர். வீட்டில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவர்களுக்கு என்ன அவசரம், பஸ் கண்டக்டருக்கும் மீன்காரருக்கும் போடுங்கள் என்பார் இன்னொருவர். நாங்கள் காக்கு என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பெரியவர் மதில்மேல் கையூன்றி இரண்டாவது கட்சிக்கு வாதாடுவார். அவர் சொல்வதும் நியாயம்தான் என்று தோன்றும். உடனே அக்காவின் கையிலிருந்த பஞ்சு ஞாபகத்துக்கு வரும், நியாயம் பறந்துவிடும்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "டீச்சர்னா எல்லாரும் டீச்சர்தானேக்கா? நான் மட்டும் பிள்ளைங்க முன்னாடி நிக்கலையா?"

"எனக்கு டீச்சர்னா போட்டாங்க? எலெக்‌ஷன் டியூட்டின்னு போட்டாங்கடி. பிள்ளைங்கள யாரு நினைச்சா?" என்றாள்.

உண்மைதான். ஓட்டு மெஷினோடு எங்கோ ஓர் ஊருக்குப் போய், கூட்டத்தின் நடுவே உட்காரப்போகிறவள் அவள். ஆனால் உண்மை தெரிந்துவிட்டால் பொறாமை அடங்கிவிடுமா என்ன? ஊசி போட்ட மறுநாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது மிளகு ரசம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான். இந்தக் காய்ச்சலாவது எனக்கு வந்திருக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

இவ்வளவு ஆத்திரத்துக்கும் காரணம் எங்கள் மாடியறையில் இருந்தது. என் கணவருக்கு நுரையீரல் நோய். தொற்று வந்தால் தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சிகிச்சை ஒன்று பாதியில் இருந்ததால் அவருக்கும் ஊசி தள்ளிப்போனது. நானோ தினமும் பஸ் ஏறிப் பள்ளிக்குப் போகிறவள். மாணவர்கள் வராதபோதும், வகுப்பறையில் உட்கார்ந்துதான் இணைய வகுப்பு எடுக்க வேண்டும் என்பது எங்கள் நிர்வாகத்தின் கட்டளை. அதனால் என் பாயையும் தட்டையும் எடுத்துக்கொண்டு வராண்டாவுக்குப் போனேன். அவரோடு பேச்செல்லாம் மூடிய கதவு வழியாகத்தான்.

தேர்தல் வேலை முடிந்து வந்த அக்கா கொஞ்ச நாள் கீழேயே அடைந்து கிடந்தாள். இரண்டாவது ஊசியும் ஆனபிறகு, முகக்கவசத்தோடு மாடிப்படியில் வந்து நின்றாள். "இனிமே தம்பிய நான் பாத்துக்கறேன். நீ வராண்டாவிலேயே இரு." ஊசி போட்டவள் உள்ளே, போடாதவள் வெளியே. அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது.

கதவுக்கு அந்தப்பக்கம் ரம்மி ஆடுவார்கள். நான் கணக்குப் போட்டு ஆடுகிறேன் என்று என்னோடு மட்டும் அவர் சீட்டைத் தொடவே மாட்டார். அக்காவிடம் தோற்றால்கூடச் சிரிப்பார். சிரிப்பு இருமலாக மாறும், அக்கா முதுகைத் தடவிக்கொடுப்பாள். பார்க்காமலே எனக்கு அது தெரியும். நான் வடித்த கஞ்சியைத்தான் அவள் கொண்டுபோவாள். "அண்ணி, இன்னிக்குக் கஞ்சி பிரமாதம்" என்று அவளைப் பாராட்டுவார். கதவில் காதை வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

மழைக்காலத்தில் ஒருவழியாக என் முறை வந்தது. என் ரவிக்கை ஒன்றுக்கும் அக்காவே பிரஸ் பட்டன் வைத்துக்கொடுத்தாள். முகாமில் இருந்த நர்ஸ் அதைப் பார்த்து, "பௌதி, இதென்ன ஜன்னலா?" என்று, அண்ணி முறை வைத்து வங்காளத்தில் கேட்டுச் சிரித்தாள். எனக்கும் இரண்டாவது ஊசி ஆகி, டாக்டர் சொன்ன நாளும் கழிந்தபிறகு, நல்ல புடவை கட்டி, காப்பியை ஆற்றி எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்தார்.

"அண்ணி வரலையா?" என்றார்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் போய்விட்டார். நுரையீரல்தான், தொற்று கடைசிவரை அவரை அண்டவில்லை. அக்காதான் காப்பாற்றி வைத்திருந்தாள் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். நானும்தான் சொன்னேன்.

இந்த வருடம் அவருடைய திதிக்கு வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா தானாகச் சிரித்தாள். "பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, கணக்கு டீச்சராச்சே, வாய்ப்பாடு கேட்டுடுவியோன்னு தம்பி நடுங்கிப் போயிட்டாராமே?"

கத்தியைக் கீழே வைத்தேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என்னிடம் சொல்லாத கதை. "எப்பக்கா சொன்னார்?"

"நீ வராண்டாவுல இருந்தியே, அப்பதான்."

அந்த அறையில் அவர் என்னைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். அதுவும் அவளிடம். சாயங்காலம் துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். கொடியில் அந்த நீல ரவிக்கை காய்ந்துகொண்டிருந்தது. வெளுத்துப்போய்விட்டது, பட்டன்கள் மட்டும் புதிதாகவே இருக்கின்றன. பட்பட்டென்று திறந்தேன், மறுபடி ஒவ்வொன்றாக அழுத்தி மூடினேன். அந்த ஊசி முதலில் என் கையில் ஏறியிருந்தால் அந்தக் கதை எனக்குக் கிடைத்திருக்கும். ரவிக்கையை மடித்துக் கீழே கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

"வேற என்னக்கா சொன்னார்?" என்று கேட்டேன்.